நுழைவுக் கட்டணம் யார் பையில் விழுகிறது?

(குற்றாலத்தில் நடைபெற்ற வாலிபர் அரசியல் வகுப்பில், தென்காசி வட்டாரக் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

கைபேசியில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சூது பாவம் என்று உபதேசம் செய்ய நாம் கூடவில்லை. அதை வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் செய்துவிட்டார். நாம் கணக்குப் பார்ப்போம். முதலாளி கணக்குப் பார்த்துத்தான் கடை திறக்கிறான். தொழிலாளியும் கணக்குப் பார்க்க வேண்டும்.

போக்கர் போட்டி என்று ஒன்று. நூறு பேர் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 110 ரூபாய். இதில் 100 ரூபாய் பரிசுப் பெட்டிக்கு. 10 ரூபாய் நுழைவுக் கட்டணம். மொத்தம் வசூல் 11,000. பரிசாகத் திரும்புவது 10,000. கம்பெனிக்கு 1,000. யார் ஜெயித்தாலும், யார் தோற்றாலும் இந்த ஆயிரம் மாறாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஜெயித்துவிட்டவன் ஒருவன் உண்டு. அவன் சீட்டைத் தொடவே இல்லை!

பரிசு எத்தனை பேருக்கு? நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு. அதிலும் பெரும் பங்கு முதல் சிலருக்கு. பேரருவியில் போய் நின்றால் எல்லோர் தலையிலும் தண்ணீர் விழும். இங்கே நூறு பேர் நிற்கிறார்கள். எண்பத்தைந்து பேர் நனையாமலே திரும்புகிறார்கள்.

இன்னும் பாருங்கள். அதே நூறு பேர், கையில் திரும்பி வந்ததை அப்படியே மறுபடியும் கட்டி ஆடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் 11,000 ரூபாய் 10,000 ஆகிறது. அடுத்ததில் ஏறக்குறைய 9,090. அதற்கடுத்ததில் 8,264. ஏழாவது ஆட்டம் முடியும்போது நூறு பேர் கையிலும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 5,645. கிட்டத்தட்டப் பாதிப் பணம் கம்பெனிக்குப் போய்விட்டது! கொள்ளை இல்லை, கள்ளச் சீட்டு இல்லை. வெறும் பத்து ரூபாய்க் கட்டணம் செய்த வேலை.

பொதுவாகச் சிறிய ஆட்டங்களில் கட்டண விகிதம் அதிகம். பெரிய ஆட்டங்களில் குறைவு. ஏழைக்கு அதிக விகிதம், பணக்காரனுக்குக் குறைந்த விகிதம். தோற்று வெளியேறியவன் மறுபடியும் நுழையலாம் என்கிறார்கள். அது தாராள மனசு அல்ல. மறுபடியும் நுழைகிறவன் மறுபடியும் கட்டணம் கட்டுகிறான்.

"இது திறமை ஆட்டம்" என்பது கம்பெனிகளின் வாதம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்றே சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலை ரத்து செய்தது. திறமை இருக்கட்டும், தோழர்களே! திறமை பெட்டிக்குள் ஒரு பைசாவாவது கொண்டுவருகிறதா? நெல் விளைகிறதா? துணி நெய்யப்படுகிறதா? இல்லை. திறமைசாலி எடுப்பது பக்கத்தில் இருப்பவன் பணத்தைத்தான். மேற்சொன்ன ஆட்டத்தில் சராசரி ஆட்டக்காரனைவிடப் பத்து சதவிகிதம் அதிகம் ஜெயித்தால்தான் போட்ட பணமே திரும்பும். லாபம் அதற்கும் மேலே. நூறு பேரும் அப்படி ஜெயிக்க முடியுமா? கணக்கு இடம் கொடுக்காது.

சர்க்காரும் இந்த மேஜையில் உட்கார்ந்தது. 2023 ஏப்ரல் முதல், ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவிகிதம் வருமான வரிப் பிடித்தம். அக்டோபர் முதல், கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவிகித ஜி.எஸ்.டி. கட்டணமும் வரியும் போன பிறகு ஆடுகிறவனுக்கு என்ன மிச்சம்?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு லாட்டரிச் சீட்டு வாங்கப் போகிறவர்கள் நம் ஊரில் உண்டு. "கேரள லாட்டரி 1967-ல் நம்மவர்கள் ஆண்டபோது தொடங்கியதுதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆம், இ.எம்.எஸ். தலைமையிலான சர்க்கார் காலத்தில்தான். அங்கே மிஞ்சும் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகிறது; தனி முதலாளிக்கு அல்ல. அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் சீட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பப் பெறுகிறார்கள். கணக்கு கட்சி பார்க்காது.

நம் தாய்மார்கள் இலை வெட்டி, தூள் வைத்து, விரல் தேயப் பீடி சுற்றுகிறார்கள். கழிவு என்று சொல்லிக் காண்டிராக்டர் ஒரு கட்டை ஒதுக்கினால் சண்டை போடுகிறோம், சங்கம் வைக்கிறோம். அதே தாயின் மகன் ராத்திரி பத்து ரூபாயைக் கழிவாகத் தானே எடுத்துக் கொடுக்கிறான். அதற்குச் சண்டை இல்லை! ஏன்? வேலை இல்லை, இருக்கிற வேலையில் கூலி போதவில்லை. அந்த ஏக்கத்தைத்தான் கம்பெனி விலைக்கு வாங்குகிறது.

கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 2022-ல் நீதிபதி கே. சந்துரு குழு அமைந்தது. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை 2023 மார்ச்சில் கவர்னர் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழந்தார்கள் என்பது மத்திய சர்க்காரே சொன்ன மதிப்பீடு. இத்தனை பேர் இழக்கும்வரை வரி வாங்கிக்கொண்டிருந்தது யார்?

பெரிய கம்பெனிகள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டிலிருந்து வலை வீசுகிறவர்கள் ஓயவில்லை. ஆகவே நம் வேலை முடியவில்லை. சட்டம் ஆட்டம் நடத்துகிறவன்மீது பாய வேண்டும்; ஏமாந்த வாலிபன்மீது அல்ல. கைபேசியில் கடன் கொடுத்துக் கழுத்தை நெரிக்கும் கந்துவட்டிக்காரர்களை ஒடுக்க வேண்டும். நம் மாவட்டத்து வாலிபர்களுக்கு வேலை வேண்டும். இவற்றுக்காகக் கிளர்ச்சி செய்வோம்.

அத்துடன் ஒன்று. உங்கள் தெருவில் இந்த ஆட்டத்தில் பணம் இழந்தவன் ஒருவன் இருப்பான். வெட்கத்தால் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டான். அவனை ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஒரு தாளில் கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கட்டணமாகப் போனது எவ்வளவு என்று சேர்ந்து எழுதுங்கள். கடனை அடைக்கும் வழியை அவன் வீட்டாரோடு கலந்து பேசுங்கள். இழந்ததை ஆடியே எடுத்துவிடலாம் என்று அவன் சொன்னால், ஏழு ஆட்டத்துக் கணக்கைக் காட்டுங்கள்.