வலசைப் பறவைக்கு யார் கணக்கு வைப்பது?



பேராக்கில் கோப்பெங்கைச் சுற்றிப் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஈயம் தோண்டிய பள்ளமெல்லாம் குட்டையாகிக் கிடக்கிறது. அந்தக் குட்டையோரப் புல்லில் ஒரு பறவையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு, வாலுக்கடியில் செங்கல் நிறம். அடிக்கொரு தரம் வாலை வெடுக்கென்று தூக்கும். ஆளரவம் கேட்டால் புல்லுக்குள் ஓடி மறைந்துவிடும். மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்கள், நாம் கானாங்கோழி என்போம்.

இங்கேயே பிறந்து வளரும் கானாங்கோழிகள் உண்டு. வடக்கே குளிர் தொடங்கியதும் இரவு இரவாகப் பறந்து நம் மலேசியத் தீபகற்பத்துக்கு வந்து தங்கிப் போகிறவையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணியில் விழுந்தது உள்ளூர்ப் பறவையா, வந்த விருந்தாளியா என்று பிடித்தவருக்கே தெரியாது. வேட்டைக்கு விதி வகுக்கும் அரசுக்கும் இதுதான் சிக்கல்.

தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்துவது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அது உயிரினங்களை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கிறது. முழுப் பாதுகாப்புப் பெற்றவற்றுக்கு வேட்டை உரிமமே கிடையாது. மற்றப் பட்டியலில் உள்ளவற்றைப் பிடிக்க, பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகாவின் உரிமம் வேண்டும். எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில், எந்த முறையில் வேட்டையாடலாம் என்பதை அமைச்சர் ஆணை வரையறுக்கிறது. 2014இல் அப்படி ஓர் ஆணை வந்தது. ஓராங் அஸ்லி பழங்குடி மக்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. பத்து வகை உயிரினங்களைத் தங்கள் சாப்பாட்டுக்காக அவர்கள் பிடிக்கலாம். அந்தப் பத்தில் பறவைகள் இரண்டே: கானாங்கோழி, மரகதப் புறா. காட்டை நம்பி வாழ்கிறவர்களின் வயிற்றுப்பாட்டைச் சட்டம் மதிக்கிறது. அது நியாயம்தான்.

ஆனால், எத்தனை பறவையைப் பிடித்தால் இனம் தாங்கும்? இதற்கு விடை சொல்ல எண்ணிக்கை வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் இதில் வெகுதூரம் போயிருக்கின்றன. அங்கே கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் கூண்டில் இறந்தது. 1916இல் அமெரிக்காவும், கனடாவுக்காக பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் செய்தன: வலசைப் பறவைகளை வேட்டையாடும் பருவம் மூன்றரை மாதத்தைத் தாண்டக்கூடாது, மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டையே கூடாது. 1955 முதல் மே மாதங்களில் சிறு விமானங்கள் ஏரிகளுக்கு மேல் தாழப் பறக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் வாத்துகளையும், தண்ணீர் உள்ள குட்டைகளையும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எத்தனை நாள் வேட்டை, ஆளுக்கு எத்தனை பறவை என்று முடிவாகிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் 1934 முதல் கட்டாயமாக வாங்கும் வாத்து முத்திரையின் பணம் ஈரநிலங்களைக் காக்கச் செலவாகிறது.

நம் ஆசிய வலசைப் பாதை பல நாடுகளைக் கடக்கிறது. ஒரு நாடு காத்தாலும் அடுத்த நாட்டில் வலை விரித்தால் பயனில்லை. மஞ்சள் மார்புள்ள ஒரு சின்னஞ்சிறு தானியக் குருவி பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை கூடு கட்டிவந்தது. சீனா 1997இல் அதைப் பிடிக்கத் தடை போட்டும் கள்ளச் சந்தை நிற்கவில்லை. 1980க்கும் 2013க்கும் இடையில் அதன் எண்ணிக்கை பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோனது. சட்டம் இருந்தது, வாங்குகிற கை ஓயவில்லை.

ஆகவே, சட்டத்துக்கு உயிர் கொடுப்பது நாம்தான். தமிழ்நாட்டின் வேடந்தாங்கலில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். கேட்டது குடியானவர்கள், கொடுத்தது அரசு.

நாமும் செய்யலாம். சாலையோரத்தில் காட்டுப் பறவை இறைச்சி விற்றால் வாங்காதீர்கள். கம்பத்தில் யாராவது வலை கட்டினால் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அதற்கு அழைத்துப் போங்கள். நம் பேராக்கிலேயே கோலா கூலா சதுப்புக்கரை இருக்கிறது, பத்து காஜா பக்கத்தில் கிந்தா இயற்கைப் பூங்கா இருக்கிறது. எண்ணிப் பழகிய ஊர், அரசிடம் ஆதாரத்தோடு பேசும். இந்த ஆண்டு பறவை குறைந்திருக்கிறது, பருவத்தைச் சுருக்குங்கள் என்று கேட்கும் உரிமை அப்போது நமக்கு வரும்.