திசை பார்க்கும் கம்பிகள்



தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கம் 1980களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனா கம்பத்தைப் பிடித்துத் திருப்புவார். கீழே வீட்டுக்குள்ளிருந்து, "வருது, வருது... ஐயோ போச்சு, பழையபடி திருப்பு!" என்று குரல் வரும். அந்த ஆன்டெனாக்கள் பலவும் சென்னையைப் பார்த்து நிற்கவில்லை. கடலைப் பார்த்து நின்றன. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பு கடல் தாண்டி அந்த வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் திருப்பினால் படம் வருவதும், இன்னொரு பக்கம் திருப்பினால் மறைவதும் ஏன்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒற்றைக் கம்பியைச் செங்குத்தாக நட்டு வைத்தால் அது சுற்றிலும் எல்லாத் திசையிலிருந்தும் அலைகளை ஒரே அளவில் வாங்கும். காரின் மேல் நிற்கும் கம்பி அந்த வகை. கார் எந்தத் தெருவில் திரும்பினாலும் பாட்டு நிற்கக் கூடாதல்லவா? மாடி ஆன்டெனா வேறு வகை. ஒரு நீளச் சட்டத்தில் அலுமினியக் குழாய்கள் குறுக்கே வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டுமே டிவிக்கு வயர் போகும். மற்றவை எதனோடும் இணையாமல் சும்மா நிற்பவை போலத் தோன்றும். ஆனால் திசை பார்க்கிற வேலையைச் செய்பவை அந்தச் சும்மா நிற்கும் குழாய்கள்தாம்.

வயர் இணைந்த குழாயின் நீளம், வாங்க வேண்டிய அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கும். பண்பலையில் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 மீட்டர். குழாய் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பின்னால் கொஞ்சம் நீளமான குழாய் ஒன்று நிற்கும். முன்னால் கொஞ்சம் குட்டையான குழாய்கள் நிற்கும். அலை வந்து பட்டதும் ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அப்படி மின்னோட்டம் எழுந்த குழாய் தானும் ஓர் அலையை வெளிவிடுகிறது. நீளமான குழாயில் அந்த மின்னோட்டம் சற்றுப் பிந்தும். குட்டையானதில் சற்று முந்தும்.

தேர் வடத்தை எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும்; ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாது. இங்கும் அப்படித்தான். குழாய்களின் நீளத்தையும் அவற்றுக்கு நடுவே விட்ட இடைவெளியையும் சரியாகக் கணக்கிட்டால், முன்பக்கத்திலிருந்து வரும் அலையும் குழாய்கள் வெளிவிடும் அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கி, வயர் இணைந்த குழாயில் ஒன்று கூடும். பின்பக்கத்திலிருந்து வருபவை ஏறுக்குமாறாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இதில் கூடுதலாக ஒரு துளி மின்சாரமும் செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு திசையில் பெறுகிற லாபம், மற்றத் திசைகளை விட்டுக்கொடுத்துப் பெற்றது. இதே ஆன்டெனாவை ஒலிபரப்பப் பயன்படுத்தினாலும் கணக்கு மாறாது. நாலா பக்கமும் சிதற வேண்டிய ஆற்றல் ஒரு பக்கமாகப் போகும். எனக்கு இது மின்னியலின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று.

இதைக் கண்டவர்கள் ஜப்பானில் செண்டாய் நகரத்தின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர்: பேராசிரியர் ஹிதெத்சுகு யாகி, அவருடன் பணியாற்றிய ஷிந்தாரோ உடா. 1926-இல் இந்த ஆய்வு அச்சில் வந்தது. 1928-இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை இதை உலகெங்கும் கொண்டு சென்றது. சொந்த நாட்டு இராணுவம் மட்டும் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர்கள், பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் 'யாகி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து விளங்காமல் ஒரு போர்க்கைதியை விசாரித்தார்கள். அது உங்கள் நாட்டு விஞ்ஞானியின் பெயர் என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சோதனைகளைப் பொறுமையாகச் செய்து பார்த்தவர் உடா. ஆனால் கடைக்காரர் முதல் பாடநூல் வரை பலரும் யாகி ஆன்டெனா என்றே சொல்கிறார்கள். இது நியாயமில்லை. அந்த உடா 1950களில் இந்தியாவுக்கு வந்து, புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் யுனெஸ்கோ நிபுணராகப் பணியாற்றியிருக்கிறார். நாமாவது யாகி-உடா என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.

திசை பார்க்கும் ஆன்டெனா எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பார்க்க நீலகிரிக்குப் போக வேண்டும். உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970 முதல் இயங்குகிறது. அதன் பிரதிபலிக்கும் பரப்பு தகடு அல்ல. 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். ஸ்வரூப் தேடியது ஒரு விசேஷமான மலைச்சரிவை. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. சரிவும் வடக்குத் தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அப்படி அமைந்தால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், வானில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம்.

சரி, வடக்கு தெற்காகப் பார்க்க வேண்டுமானால்? அவ்வளவு பெரிய இரும்பை யாரும் தூக்கிச் சாய்ப்பதில்லை. குவியக் கோட்டில் 1,056 சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. அவை வாங்கும் குறிகைகளுக்கு இடையே பிந்தலையும் முந்தலையும் மாற்றினால் பார்வை திரும்பிவிடும். மாடியில் நிற்கும் அலுமினியக் குழாய்களில் கண்ட அதே தத்துவம்தான்.

அதே நீலகிரியின் அடிவாரத்தில், முதுமலையில், 1990களில் யானைகளுக்கு ரேடியோ காலர் மாட்டி ஆய்வு செய்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வில், கையில் பிடிக்கும் ஆன்டெனாவைச் சுழற்றி ஓர் இடத்தில் நின்று திசையைக் குறிப்பார்கள். வேறோர் இடத்துக்குப் போய் மறுபடி குறிப்பார்கள். வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் யானை.

திசை கண்டுபிடிப்பதில் ஒரு நுட்பமும் உண்டு. சத்தம் கூடுகிற இடத்தைவிட, குறைகிற இடமே துல்லியமாகத் திசை சொல்லும். வளைய ஆன்டெனாவை உச்சத்திலிருந்து 30 பாகை திருப்பினாலும் வலிமை கொஞ்சம்தான் குறையும். அடங்கும் இடத்திலோ 5 பாகை விலகலை 10 பாகையாக்கினால் வலிமை இரு மடங்காகிவிடும். கப்பல்களும் விமானங்களும் பல காலம் திசை கண்டது இந்த அடங்கும் புள்ளியை வைத்துத்தான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் டிரான்சிஸ்டரில் மத்திய அலைக்கான ஆன்டெனாவாக ஃபெரைட் தண்டு ஒன்று பெட்டிக்குள் நீளவாக்கில் படுத்திருக்கும். பண்பலையில் இது நடக்காது. பகல் நேரமாகப் பார்த்து, மத்திய அலையில் சற்று மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, பெட்டியைத் தட்டையாக மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி நன்றாக அடங்கும். அப்போது பெட்டியின் நீளவாக்கில் போகும் கோட்டில்தான், முன்னோ பின்னோ, நிலையத்தின் கோபுரம் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஊர்ப் படம் ஒன்றை விரித்து அந்தக் கோட்டை அவர்களையே போடச் சொல்லுங்கள்.