சிறப்புக் கல்வி படிக்க நம் பட்டதாரிகள் முன்வர வேண்டும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ், இந்த ஆண்டும் உங்கள் ஜகாத்தும் ஸதகாவும் பல பிள்ளைகளின் படிப்புக் கட்டணமாக மாறியிருக்கின்றன. விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பொறியியல், பி.காம்., நர்சிங், பி.எட். எல்லாம் இருந்தன. சிறப்புக் கல்விக்கு ஒரு விண்ணப்பம்கூட இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மக்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு தாய் தன் ஏழு வயது மகனை அழைத்து வந்து சேர்த்தார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை. ஓரிடத்தில் உட்கார மாட்டான். மூன்றாம் நாள் உஸ்தாது வந்து, "மற்றப் பிள்ளைகள் ஓத முடியவில்லை" என்றார். நான் அந்தத் தாயிடம், "இவன்மீது கடமை ஒன்றும் இல்லைம்மா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. பிள்ளையின் தொப்பியைக் கழற்றி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சென்ற ரமலானில் அதே பையன் தன் வாப்பாவுடன் பள்ளிவாசலுக்கு வந்தான். வரிசை மாறாமல் தானே ஒளுச் செய்தான். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. விசாரித்தேன். அவர்கள் தெருவுக்கு மணமாகி வந்த ஒரு பெண், சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவர். அவர் ஒளுவைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்திருக்கிறார். குழாயைத் திறப்பது ஒரு படி, மணிக்கட்டு வரை கழுவுவது ஒரு படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து வீட்டுக் குழாய்க்கு மேலே ஒட்டினாராம். ஒரு படி பழகிய பிறகுதான் அடுத்தது. அவனுடைய உம்மாவுக்கும் அதே முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பல மாதங்கள் ஆகியிருக்கின்றன. ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டான்.

அந்தப் பையனால் முடியாது என்று நான் நினைத்தேன். கற்றுக்கொடுக்கும் முறை எங்களுக்குத்தான் தெரியவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அபஸ அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின என்பதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அவரை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல வைத்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். நாமோ, கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று இப்படிப்பட்ட பிள்ளையை உள்ளறையில் வைத்துவிடுகிறோம்.

இந்தப் படிப்பு என்ன என்று பலருக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர் இரண்டு ஆண்டுகள் படிப்பது பி.எட். சிறப்புக் கல்வி. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிவுக்கு ஏற்ப பிரெய்ல், சைகை மொழி போன்றவை வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாடத் திட்டம் வகுக்கக் கற்றுத்தருவார்கள். மேலும் இரண்டு ஆண்டுகள் எம்.எட். படித்தால், இந்த ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிகளில் பாடம் நடத்தலாம்.

எங்கே படிப்பது? சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவையில் பெண்களுக்கான அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையிலும் இதை நடத்திவந்திருக்கிறது.

பெற்றோரே, ஒன்றைக் கவனியுங்கள். பணம் கட்டுமுன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பிரிவுக்கு, அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு எண் பெற்றவர்தான் இந்தப் பணியைச் செய்யலாம். அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம்.

"வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். அரசுத் திட்டத்தில் பலர் ஒப்பந்த முறையில், தொகுப்பூதியத்தில்தான் பணிபுரிகிறார்கள். ஆனால் தேவை பெரிது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் வேண்டும் என 2022இல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற அது உரிமை தருகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. வகுப்பில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

நம் பெண் பிள்ளைகளில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு தாய் தன் குழந்தையைப் பற்றி வெளி ஆளிடம் சொல்லத் தயங்குவாள். நம் தெருப் பெண் ஒருத்தி ஆசிரியையாக வந்தால் மனம்விட்டுச் சொல்வாள்.

ஆகவே நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் ஆண்டு சிறப்புக் கல்வி படிக்கும் இருவருக்கு முழுக் கட்டணத்தையும் அறக்கட்டளை ஏற்கும். ஜகாத் பெறத் தகுதியுள்ளவருக்கு ஜகாத்திலிருந்தும், மற்றவருக்கு ஸதகா நிதியிலிருந்தும் கொடுப்போம். படிப்பு முடிந்ததும் வாரத்தில் ஒருநாள் நம் மக்தபில் இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. விருப்பமுள்ளவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளை இருப்பவர்களும் பெயர் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் நான். போன வாரம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அவனுக்கு யாசீன் கேட்கப் பிடிக்கும் காக்கா, மக்தபில் ஓரமா உட்கார வைப்பீங்களா?" என்றுதான் அவர் கேட்டார். இன்ஷா அல்லாஹ், ஷவ்வால் மாதத்திலிருந்து அவன் வருவான்.

துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.