உடலின் நினைவாற்றல்
(சங்கத்தின் சிறுவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். யான் பேச வந்த பொருள் நினைவு. நன்னூற் சூத்திரங்களை நீங்கள் மறவாதிருக்கச் செய்வதே என் தொழிலாதலின், எனக்கும் இதிற் சிறிது உரிமை உண்டு.

வட அட்லாண்டிக்குப் பெருங்கடலிலே டென்மார்க்கு நாட்டைச் சார்ந்த பாரோத் தீவுகள் உள்ளன. 1781-ஆம் ஆண்டில் அங்கே தட்டம்மை பரவிற்று. பின்னர் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் கப்பலில் வந்த தச்சர் ஒருவரோடு அது மீண்டும் புகுந்தது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் நோயுற்றனர். ஆங்கு அனுப்பப்பெற்ற பானும் என்னும் இளைய மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். இளமையில் அந்நோயுற்றுப் பிழைத்திருந்த முதியோருள் ஒருவரையேனும் அது மறுமுறை தீண்டவில்லை. 65 ஆண்டுகளாக அவர்தம் உடல் அதனை மறந்திலது!

இந்நினைவு மூளையில் உள்ளதன்று. குருதியிலும் எலும்பு மச்சையிலும் உறையும் வெள்ளணுக்களில் உள்ளது. புதிய கிருமியொன்று புகுந்தால், அதற்குப் பொருந்திய வெள்ளணுக்கள் பெருகுவதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் நோய் முற்றிவிடும். பிழைத்தெழுந்தால், அவற்றுட் சில அப்பகைவனை அறிந்தனவாய் உடலிலே தங்கும். மறுமுறை அவன் வருங்கால் அவை விரைந்து பெருகி, எதிர்ப்பொருள்களைச் சொரிந்து அவனை மாய்க்கும்.

நோயின் துன்பமின்றியே இப்பாடத்தைக் கற்பிப்பது தடுப்பூசி. தட்டம்மைக் கிருமியைக் கோழிக் கருவின் உயிரணுக்களிற் பன்முறை வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1963-இல் அமெரிக்காவில் அம்மருந்து வழக்கிற்கு வந்தது. உருவில் அது பகைவனே, ஆற்றலில் அன்று. ஊசியிட்ட சின்னாட்களிற் சிறு காய்ச்சல் காணின் அஞ்சற்க. வகுப்பு நடைபெறும்போது எழும் ஆரவாரம் போன்றது அது.

"ஒருமுறை வந்து போனால் பிறகு வராதே, வந்துதான் போகட்டுமே" என்று பாட்டிமார் சிலர் கூறுவர். பாரோத் தீவின் வரலாறும் அவர்கள் பக்கமே பேசுவதுபோலத் தோன்றும். அவர்கள் வாயிலில் வேப்பிலை செருகுவதை யான் குறை கூறேன், இக்கூற்றையே மறுக்கின்றேன். தட்டம்மை நுரையீரல் அழற்சியைத் தரும். சிலரது கண்ணொளியையும் பறிக்கும். அன்றியும், அக்கிருமி விரும்பித் தாக்குவது நினைவைத் தாங்கும் வெள்ளணுக்களையே. நெதர்லாந்து நாட்டிலே ஊசியிடாது தட்டம்மையுற்ற 77 சிறாரின் குருதியை, நோய்க்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019-இல் முடிபினை வெளியிட்டனர். பிற நோய்களுக்கு எதிராக அவர்கள் ஈட்டி வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்திருந்தன! ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டு, மாணவனுடைய பழைய ஏடுகளையெல்லாம் எரித்துச் செல்லும் ஆசிரியனை எவரேனும் அமர்த்துவரோ? ஊசி அங்ஙனம் செய்வதில்லை.

நிற்க. நம் நாட்டில் இவ்வூசி ஒன்பது மாதம் நிறைந்தபின் ஒருமுறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் இடப்பெறுகின்றது. முதலூசியால் 100 குழந்தைகளுள் ஏறத்தாழ 15 குழந்தைகளுக்குப் பாடம் ஏறுவதில்லை. அவர்கள் யாவர் என்பது பார்வைக்குப் புலப்படாது. ஆதலின் எல்லார்க்கும் இரண்டாம் ஊசி வேண்டும். முதலூசியோடு நின்றுவிடும் வீடுகள் பல. தம்பி தங்கையர் உடையவர்கள் இன்று வீடு சென்றதும் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் ஊசிக்குரிய கட்டம் வெறுமையாயிருப்பின் அன்னையாரிடம் காட்டுங்கள். இரண்டு வயது கடந்திருப்பினும், ஐந்து நிறையுமுன் அரசினர் மருத்துவ நிலையத்தில் அதனை இட்டுக்கொள்ளலாம்.