இரண்டாவது நாற்காலி யாருக்கு?

(கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அடுத்த மாதம் நமது மாவட்ட நிர்வாகத் தெரிவு. இரண்டு அணிகள் நிற்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் யார் என்று மட்டுமே பேசுகிறோம். செயலாளர் யார் என்பதையும் இப்போதே பேச வேண்டும். பிளவு ஒட்டுவதும் பெரிதாவதும் அந்த இரண்டாவது நாற்காலியில்தான்.

அமெரிக்காவில் 1960இல் கென்னடி ஜனாதிபதி வேட்பாளரானார். தன்னோடு போட்டியிட்டுத் தோற்ற லிண்டன் ஜோன்சனையே உப ஜனாதிபதி வேட்பாளராக்கினார். ஜோன்சனின் டெக்சாஸ் மாநிலம் கென்னடிக்குக் கிடைத்தது.

நமது நாட்டில் உப ஜனாதிபதி இல்லை. ஜனாதிபதி பிரதமரை நியமிக்கிறார். ஜனாதிபதி இடையில் இறந்தால் பிரதமரே பதில் கடமை பார்ப்பார். 1988 டிசம்பரில் ரணசிங்க பிரேமதாச 50 வீதத்தைச் சற்றே தாண்டி வென்றார். ஐக்கிய தேசியக் கட்சிக்குள் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்று இரண்டு பலமானவர்கள் இருந்தார்கள். காமினியை நமக்குத் தெரியும். 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் அவரும் அநுர பண்டாரநாயக்கவும் நமது சௌமியமூர்த்தி தொண்டமானும் ஒன்றாகத் தெரிவானார்கள்.

1989 மார்ச்சில் பிரதமர் பதவி இந்த இருவருக்கும் போகவில்லை. கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த, அமைதியான டி.பி. விஜேதுங்கவுக்குப் போனது. போட்டி இல்லாத ஆளைப் பக்கத்தில் வைத்தால் தலைவருக்கு நிம்மதி. ஆனால் மனத்தாங்கல் தீரவில்லை. 1991இல் ஜனாதிபதிக்கு எதிராகக் குற்றப் பிரேரணை வந்தது. இருவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக் கட்சி கண்டார்கள்.

1993 ஏப்ரல் 23இல் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டாம் நாள், மே தினத்தன்று, இங்கே பக்கத்தில் ஆமர் வீதியில் பிரேமதாச குண்டுக்குப் பலியானார். அந்தக் கொலைகளுக்குக் கட்சிப் பிளவு காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டின் பொறுப்பு ஒரே நாளில் விஜேதுங்கவின் கைக்கு வந்தது. அதைத்தான் சொல்கிறேன். அவர் காலத்தில்தான் காமினி திரும்பவும் கட்சிக்குள் வந்தார். அமைதியான மனிதரைக் குறைவாக எடைபோடவும் கூடாது.

ஆகவே இரண்டாமவரைத் தெரியும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தோற்ற அணி இவரைப் பார்த்து, 'நமக்கும் இடம் உண்டு' என்று நம்புமா? தலைவருக்கு ஒன்று நேர்ந்தால் நாளைக்கே சங்கத்தை இவர் கொண்டு நடத்துவாரா?

என் யோசனை இது. எந்த அணி வென்றாலும் செயலாளர் பதவி மற்ற அணிக்கு. பொருளாளராகக் கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரி. இதை வாக்கெடுப்புக்கு முன்பே இரு தரப்பும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வென்ற பிறகு கொடுப்பது தயவு. முன்பே எழுதினால் அது உரிமை.

சம்பளப் பேச்சு மேசையில் கம்பனிகள் ஒன்றாகத்தான் உட்காருகின்றன. நாம் இரண்டாகப் போய் உட்கார்ந்தால் நட்டம் பேர் போடும் தொழிலாளிக்குத்தான். யோசித்து முடிவெடுங்கள் தோழர்களே.