விடுப்பு முடியும் நாளுக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

(பெரம்பலூரில் நமது டிரஸ்ட் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் பெண்மக்களில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், நர்ஸுகள் இருக்கிறார்கள். எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை வந்தபின் பெண்களுக்கு அங்கும் வேலை கிடைக்கிறது. இவர்கள் மாதக்கணக்கில் விடுப்பு எடுக்க நேர்வது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான். ஒன்று பிரசவம். மற்றொன்று, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், கணவர் மவுத்தாகி இத்தா இருக்கும் காலம். விடுப்பில் போகும்போது எல்லோரும் கூட நிற்கிறோம். திரும்ப வேலைக்குப் போகும் நாள் வந்தால் அந்தப் பெண் தனியாக நிற்கிறாள். அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

இந்த இரண்டும் குர்ஆனில் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் பாலூட்டலைச் சொல்கிறது. 234-ஆம் வசனம் இத்தாவைச் சொல்கிறது.

பால்குடியை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தகப்பனும் மனமொப்பி மஷூரா செய்து முடிவெடுக்கலாம். வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டச் செய்வதும் குற்றமில்லை. தாயின் உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு. அதாவது பிள்ளை வளர்ப்பை இருவரும் கலந்து பேச வேண்டிய காரியமாகவே மார்க்கம் வைத்திருக்கிறது. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் கணவர் வளைகுடாவில் இருக்கலாம். பரவாயில்லை, மஷூரா போனிலும் நடக்கும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் கணவர்மார்களே, தொட்டில் ஆட்டுவது நமக்குக் குறைவான வேலை அல்ல.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரம் ஆனது. இது முதல் இரண்டு குழந்தைகளுக்கு. அதற்கு மேல் 12 வாரம். தொழிற்சாலைகளுக்கும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது, அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம் இருக்கிறது.

இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் எடுத்துவிட்டால், பிறகு மிஞ்சுவது 18 வாரம். தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். கடைசி வாரத்தில் பேச ஆரம்பித்தால் வேலையை விடுவதைத் தவிர வழி தெரியாது.

சில இடங்களில், "எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா, பிறகு புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம்" என்கிறார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை தாய் அங்கே போய்வரலாம்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார்: விடுப்பு முடிந்து திரும்பும் பெண் போலீசாருக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் மூன்றாண்டு பணி. பிள்ளையைப் பார்க்க வீட்டார் பக்கத்தில் வேண்டும் என்பதை அரசே உணர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் நாம் உணர வேண்டாமா?

அடுத்து இத்தா. கணவரை இழந்தவருக்கு நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணியானால் பிரசவம் வரை. தொழிற்சாலை ஊழியருக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் ஆண்டு விடுப்போ 20 நாள் வேலைக்கு ஒரு நாள் கணக்கு. வருடம் முழுக்க உழைத்தாலும் 15 நாள் அளவில்தான் சேரும். மீதி நாட்களுக்குச் சம்பளம் இராது. தகவல் சொல்லாமல் இருந்தால் வேலையும் போகலாம். துக்கத்தில் இருப்பவருக்கு இது நினைவில் இருக்காது. அவருடைய சகோதரரோ மகனோ முதல் வாரத்திலேயே விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

பிழைப்புக்கு வேறு வழியில்லாத விதவை பகலில் வெளியே சென்று, இரவில் தன் வீட்டில் தங்க ஃபிக்ஹு நூல்களில் இடம் உண்டு. அவரவர் நிலையை இமாமிடம் சொல்லிக் கேளுங்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக்கின் இத்தாவில் இருந்தபோது தம் பேரீச்ச மரங்களில் காய் பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் அதைக் கண்டித்தார். நபி (ஸல்) அவர்களோ போய்ப் பறிக்க அனுமதித்தார்கள். அதிலிருந்து அவர் தர்மம் செய்யலாமே என்றும் சொன்னார்கள். இத்தா முடிந்தபின் முறைப்படி அவர்கள் செய்வதில் உங்கள்மீது குற்றமில்லை என்ற கருத்தோடுதான் 234-ஆம் வசனமும் முடிகிறது. அப்படியிருக்க, டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்கும் விதவையைப் பார்த்து "அதற்குள் கிளம்பிவிட்டாளா?" என்று கேட்க நமக்கு என்ன உரிமை? அந்தச் சம்பளத்தில்தான் அவருடைய பிள்ளைகள் சாப்பிடுகின்றன.

ஆகவே, விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டார் கூடிப் பேசுங்கள். பிள்ளை யாரிடம், காலைச் சமையல் யார், அழைத்து வருவது யார் என்று முடிவு செய்யுங்கள். மாமியார்மார்களே, "நீ போய் வாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற உங்கள் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் காக்கும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். இத்தா மாதங்களில் சம்பளமின்றித் தவிக்கும் வீடுகளை ஜகாத் கணக்குப் பார்க்கும்போது வசதியுள்ளவர்கள் நினைவில் வையுங்கள்.

நம் பெண்மக்களின் உழைப்பிலும் நம் வீடுகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.