பாட்டைக் கட்டியவர் யார்?

நாடோடிப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். காற்றைப்போலவும் மழையைப்போலவும் அது தானே தோன்றித் தானே பரவுவது என்பது பாடநூற் கருத்து. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆனால், நாற்று நடும் பெண்களிடையே ஒருத்தி முதலில் ஓர் அடியைக் கட்டிப் பாட, மற்றவர்கள் அதை ஏற்றுப் பாடுவதை வரப்பில் நின்று கேட்டவர்களுக்கு வேறோர் உண்மை விளங்கும். பாட்டு தானாகப் பிறப்பதில்லை; யாரோ ஒருவர் கட்டுகிறார். அவர் பெயரைக் கேட்பார் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெயரைப்பற்றியே இன்று நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த பெரியோர் நம்மிடம் உண்டு. சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் 1871-இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் துரை திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் அவர்கள் பதிப்பிக்க, 1958-இல் ‘மலையருவி’ வெளிவந்தது. பின்னர்ப் பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் இத்துறைக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தார். இவர்கள் இல்லையேல் எத்தனையோ பாடல்கள் மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும். ஆயினும் இத்தகைய நூல்களின் அட்டையைப் பாருங்கள். திரட்டியவர் பெயர் இருக்கும். பதிப்பித்தவர் பெயர் இருக்கும். பாடலைக் கட்டிய கிழவியின் பெயருக்கு அங்கே இடம் ஏது?

எங்கள் ஊர் வடக்குப்பட்டு. ஒரகடத்துக்கு அருகில் உள்ளது. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்து பழங்காலக் கற்கருவிகளையும் பிற பொருள்களையும் எடுத்தபோது, ஊரே திரண்டு சென்று பார்த்தது. மண்ணுக்குள் கிடப்பதைத் தோண்டி எடுத்துத் துடைத்து எண்ணிட்டு வைக்கிறோம். மண்ணுக்கு மேலே, மனிதர் வாயில் வாழ்வதற்கு யார் எண்ணிடுகிறார்கள்? கீழடியில் கிடைத்த பானையோட்டில் ‘ஆதன்’ என்று ஒருவன் பெயர் கீறப்பட்டிருக்கிறது. ஒரு பானைக்குக் கிடைத்த பெயர் ஒரு பாட்டுக்குக் கிடைக்கவில்லையே என்று நான் எண்ணியதுண்டு.

எங்கள் பக்கத்தில் பாட்டுக்குக் குறைவு இருந்ததில்லை. காஞ்சிபுரத்து வட்டாரம் கூத்துக்குப் பேர்போனது. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் ஒலிக்க, விடிய விடிய மக்கள் விழித்திருப்பார்கள். கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் அவர்கள் பழைய கூத்துகளை ஆடியதோடு அமையாமல் புதியவற்றையும் எழுதினார். இன்றைக்கு விழித்திருப்போர் வேறு காரணத்துக்காக விழித்திருக்கிறார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது; பின்னர் ஒரகடம் வரை ஆலைகள் வரிசையாய் எழுந்தன. இரவு ஷிப்டுக்குச் செல்லும் இளைஞன் கூத்துக் கொட்டகையில் எப்படி உட்காருவான்? ஆலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் மாணவர் பலருக்கு அதுதான் சோறு போடுகிறது.

பாட்டும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தங்கும் வரிசை வீடுகளின் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தால், போஜ்புரிப் பாட்டுக் காதில் விழும். பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்குப் போன கணவனை நினைத்து ஏங்கும் பெண்ணின் கதையை ‘பிதேசியா’ என்ற நாடகமாக்கிய பிகாரி தாகூரின் நாட்டார் அவர்கள். மொழி எனக்கு விளங்காது, ஏக்கம் விளங்குகிறது. நம்முடைய சாவு வீடுகளிலோ ஒப்பாரி இன்னும் நிற்கிறது. எங்கள் தெருவில் ஒப்பாரிக்குப் பேர்பெற்ற மூதாட்டி ஒருவரிடம், “இந்தப் பாட்டை யார் கட்டினது ஆயா?” என்று ஒருமுறை கேட்டேன். “யார் கட்டுவாங்க வாத்தியாரே? வயிறு எரியுது, வாய் பாடுது” என்றார். பாடநூலின் கருத்தையே அவரும் சொல்லிவிட்டார்! ஆனால் அன்று காலை இறந்தவருடைய பெயரும், அவர் வெட்டிய கிணறும், அவர் மகன் வேலை பார்க்கும் ஆலையும் அந்தப் பாட்டில் இருந்தன. அவற்றைக் கோத்தவர் அந்த ஆயாவே அல்லவா?

இந்த நிலையில்தான் 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு பாட்டு எங்கள் தெருப் பிள்ளைகளின் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் ஒலிக்கக் கேட்டேன். ‘என்ஜாய் எஞ்சாமி’ என்பது அதன் பெயர். முதலில் பெயரைக் கேட்டு முகம் சுளித்தேன். உள்ளே ஒப்பாரியின் இழைப்பு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதிப் பாடியவர் அறிவு என்னும் இளைஞர். உடன் பாடியவர் தீ. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அறிவு அரக்கோணத்துக்காரர். செங்கற்பட்டிலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாகச் செல்லும் ரயில் பாதை முடியும் சந்திப்பு அது. எங்களுக்கு அயலூர் என்றே சொல்லலாம்.

அவர் 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு அது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஏறின. கானாப் பாடகி இசைவாணியும் அங்கே பாடியவரே. மறு ஆண்டில் ‘தெருக்குரல்’ என்ற இசைத்தொகுப்பை அறிவு வெளியிட்டார். 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. திருவையாறும் மார்கழிக் கச்சேரியும் எனக்கும் உயிர்தான். எனினும் அந்த மாதத்திலேயே ஒப்பாரிக்கும் கானாவுக்கும் ஒரு மேடை கிடைத்தது என்ற செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. சாவு வீட்டு வாசலில் நின்று பாடியவருக்கு ஒலிபெருக்கியும் நாற்காலியில் அமர்ந்து கேட்போரும் வேண்டாமா?

‘எஞ்சாமி’ப் பாட்டின் கரு அறிவின் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து வந்தது. நிலமில்லாத குடும்பத்தார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று உழைத்து, மீண்டும் நிலமில்லாதவராகவே திரும்பிய வரலாறு அது. இத்தகைய குடும்பங்கள் எத்தனை! 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. ஒப்பந்தத்தில் எண்ணிக்கை உண்டு. அந்த மக்களின் வாய்மொழி இல்லை. காட்டைத் திருத்தியவர், மரம் வைத்தவர் நிழலுக்கு உரியவராகவில்லை என்பதைப் பேரன் துள்ளலான மெட்டில் பாடுகிறார். அழ வேண்டிய செய்திக்கு ஆடும் தாளம்! ஒப்பாரி அறிந்தவர்களுக்கு இது வியப்பன்று. நம் சாவு மேளமும் ஆட வைப்பதுதானே.

பாட்டு உலகெங்கும் பரவியபின் ஒரு வழக்கு எழுந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறவில்லை என்று குறை கூறப்பட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது அவர் மேடையில் இல்லை. அதன்பின் தம் உழைப்பையும் தம் முன்னோர் உரிமையையும் அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் விளக்கங்களைத் தந்தார்கள். மூவரும் கலைஞர்கள்; தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. என் மனத்தில் பதிந்தது வேறு. நாட்டார் மரபில் வந்த ஒரு பாட்டைக்குறித்து, ‘இதைக் கட்டியவர் யார்?’ என்ற கேள்வியைத் தமிழ்நாடு முழுவதும் தெருவிலும் தேநீர்க் கடையிலும் கேட்டார்கள். அதற்குமுன் அப்படி எப்போது கேட்டோம்? பின்னர் அறிவு வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. முதலில் பாட்டி பெயர், பிறகுதான் அவர்.

இப்பொழுது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் வருகிறார்கள். நீண்ட கோட்டு நோட்டு ஒன்று வாங்கி, வீட்டுக் கிழவிகள் பாடுவதை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். பாட்டுக்கு ஒரு கட்டம், பாடிய இடத்துக்கு ஒரு கட்டம், கட்டியவர் பெயருக்கு ஒரு கட்டம். இதுவரை பதினொரு பாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. ஏழு பாட்டுகளுக்கு எதிரே ‘தெரியாது’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஏழுக்கும் திரும்பப் போய்க் கேட்டுவரச் சொன்னேன். மூன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.